சோளகத்தைப் பார்த்துக் கட்டிய மேடை

செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணி பத்து நிமிடம்: மன்னார்க் கடற்கரைத் திறந்தவெளி அரங்கின் பின்சுவர் இடிக்கப்பட்டது. பத்தேகால்: மேடை. நண்பகலுக்கு முன் வேலை முடிந்தது. காற்று: வாடை. பார்வையாளர்: நானும் மூன்று கழுதைகளும்.

பதிவு இவ்வளவே. ஆனால் உடைந்த சுவரிலிருந்து சுண்ணாம்பும் கருவாடும் கலந்த ஒரு வாசனை எழுந்தது. கருவாட்டு வாசனை பட்டால் எனக்கு அரச கம்பீரம் வந்துவிடும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், நண்பரே.

அரங்கு எழுந்த காலத்தில் நான் பிறப்பு இறப்புப் பதியும் அரசாங்கக் கந்தோரில் புதிய லிகிதர். திட்டமிட்ட குழுவில் மாதா கோவில் பங்குச் சுவாமியும் துணிக்கடை மரைக்காரும் சில உத்தியோகத்தர்களும் இருந்தார்கள். கடலுக்குப் போகிறவர் ஒருவரும் இல்லை. மார்கழியில் இடம் பார்த்து, ஒருவரை நிறுத்திக் கத்தச் சொன்னார்கள். முதுகுப் பக்கமிருந்து வாடை வீச, குரல் மைதானத்தின் கடைசிவரை போனது. குழு மனநிறைவுடன் தேநீர் குடித்தது. மேடை தென்மேற்கைப் பார்த்து எழுந்தது. திறப்பு விழாவோ ஆனியில். ஆனியில் சோளகம் அதே தென்மேற்கிலிருந்து முகத்தில் அறையும் என்பது தீவில் எல்லோருக்கும் தெரியும், குழுவைத் தவிர.

தமிழில் சிறப்புப் பட்டம் பெற்ற குற்றத்துக்காக அரசன் வேடம் எனக்கு. கிரீடம் சுவாமியின் கோவிலிலிருந்து இரவல். அன்று மாலை திரை விலகவில்லை, வீங்கியது. மரைக்கார் உவந்தளித்த கனத்த துணி மூங்கிலை வளைத்தது. முன்வரிசை மீனவர்கள் பதறி எழுந்தார்கள்.

"பாயை இறக்குங்கோடா! கவிழப் போறியள்!"

இறக்கினார்கள். தம்பியை நாடு கடத்தும் காட்சியில் நான் முழங்கினேன். என் வாய் திறந்து மூடுவது மட்டுமே சபைக்குக் கிடைத்தது. சபை சொன்னதோ காற்றின் தயவில் எனக்குத் துல்லியமாகக் கேட்டது.

"ராசா, சாப்பிட்டு முடிச்சிட்டுக் கதையுங்கோ!"

அந்தக் கலவரத்தில் இரண்டு வரிகளை விட்டுவிட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது?

மறுநாள் பிறப்புச் சாட்சிப் பத்திரம் கேட்டு ஒரு பெண் கந்தோருக்கு வந்தாள். பிலோமினா. மேடைக்குப் பின்னால் தாயுடன் மீன் காயவைப்பவள்.

"நீங்கள்தானே ராசா?"

"ஓம்."

"ஒத்திகை தொடங்கின நாள் துவக்கம் எல்லாம் எங்கட வளவுக்குத்தான் வருது. முதல்நாள் ஆரோ கழுதையைத் துலைச்சுப்போட்டுக் கூப்பிடுறார் எண்டு அம்மா தேடப் போனவ." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நேற்று ரெண்டு வரி விட்டிட்டியள்."

சொல்லியும் காட்டினாள்: "தம்பி, நில். நீ போய்விட்டால் இந்த அரண்மனையில் நான் யாருடன் பேசுவேன்?"

மேலும் சொன்னாள்: "அந்த ராசா சொல்லுற ஒரேயொரு நல்ல கதை அதுதான்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அவளுடைய பெயரைப் பிழையாக எழுதிவிட்டேன். திருத்துவதற்கு மூன்று முறை வரவேண்டியிருந்தது. முதற்பிழை பதற்றத்தால் நேர்ந்தது. மற்றவற்றுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. அடுத்த தையில் மணமுடித்தோம்.

வாடை மாதங்களில் மட்டும் நாடகம் என்று குழு தீர்மானித்தது. அதற்குள் எனக்கு வேறூருக்கு மாற்றம் வந்தது. பின்னர் யுத்தத்தில் மணல் மூட்டைகள் மேடையேறின, நெடுங்காலம் இறங்கவில்லை.

ஓய்வு பெற்றுத் திரும்பியபோது வெறும் மேடையும் பின்சுவரும் மிஞ்சியிருந்தன.

"இவ்வளவு காலமும் முதுகுப் பக்கத்தாலதான் கேட்டனான். ஒருக்கா முன்னுக்கு இருந்து கேக்கவேணும். கதிரையை நான் கொண்டு வாறன், நீங்கள் அந்த ரெண்டு வரியைச் சொன்னால் போதும்" என்பாள் பிலோமினா.

ஓய்வுபெற்ற உத்தியோகத்தன் கழுதைகளின் முன் முழங்குவதா? "வாடை வரட்டும்" என்பேன். வாடை வந்ததும் தடிமன், தொண்டை கட்டிவிட்டது என்பேன். "ராசாவுக்குப் பயம்" என்று அயலெல்லாம் சொல்லித் திரிந்தாள். சென்ற ஆடியில் தோற்று ஒப்புக்கொண்டேன்: இந்த வாடைக்குக் கட்டாயம். அன்றே தான் உட்காரவிருந்த கதிரையைக் கழுவி முற்றத்தில் காயவைத்தாள்.

ஆவணியில் இறந்தாள். அன்றும் சோளகம்தான்.

செய்யாமல் கிடப்பவை:

அலுமாரியில் உள்ள கிரீடத்தைக் கோவிலுக்குத் திருப்பிக் கொடுப்பது. இப்போதைய சுவாமிக்கு அது என்னவென்று விளக்கவும் வேண்டும்.

முற்றத்துக் கதிரையை உள்ளே எடுப்பது.

அந்த இரண்டு வரிகள்.