குளிர் அறையில் சோதித்த கையுறைகள்

2024 செப்டம்பர் 6, வெள்ளிக்கிழமை. ஃபஜ்ர் தொழுதுவிட்டு ஏசி ஃபில்டரைக் கழுவிக் காயவைத்தேன். வாரத்துக்கான சட்டைகளை இஸ்திரி போட்டேன். இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் இன்னும் மரத்தே கிடக்கின்றன. துணியை நீவும்போது பெட்டி பட்டது தெரியாமல் சுண்டு விரல் நுனி வெந்துவிட்டது. ஜும்மா முடிந்ததும், அஜ்மானில் நான் முன்பு தங்கியிருந்த ரூமுக்குச் சாப்பிடப் போனேன். வெள்ளிக்கிழமை பிரியாணி எனக்கு அங்கேதான்.

அன்று பிரியாணியோடு, எங்கள் ஆகஸ்ட் பயணத்தின் வீடியோவும் இருந்தது. என்னோடு பயணம் வந்தவன், சுவரில் மாட்டியிருந்த டிவியில் தன் போனை இணைத்துக்கொண்டிருந்தான்.

நான் அந்த ரூமில் இருந்தபோது அவன் என் பக்கத்துக் கட்டில்காரன். மொபைல் கடை வைத்திருக்கிறான். எங்கள் கடற்கரைப் பக்கத்து வழக்கப்படி என்னைக் காக்கா என்பான், அண்ணன் என்ற பொருளில். கனடாவின் வடமேற்கு மூலையில், ஆர்க்டிக் கடல் வரை போகும் ஒரு சரளைக்கல் சாலையை வரைபடத்தில் முதலில் காட்டியவன் நான். மோட்டார் சைக்கிளில் போவது என்று முடிவு செய்தது இருவரும். இரண்டு வருட லீவைச் சேர்த்து வைத்தேன். என் வயதில், என் கம்பெனியில், இன்னொரு முறை அப்படி லீவு கிடைக்காது. அந்தக் கடலில் இருவரும் சேர்ந்து கை நனைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. வேறெதுவும் இல்லை.

உறைந்த மீனும் கோழியும் வைக்கும் குளிர் கிடங்குக்கு நான் பொறுப்பாளன். ஜாக்கெட்டையும் தோல் கையுறைகளையும் அங்கேதான் சோதித்தோம். மைனஸ் பதினெட்டில், கோழி அட்டைப் பெட்டிகள் மேல் உட்கார்ந்து ஊர்க் கதை பேசினோம்.

“குளிரெல்லாம் நம்மகிட்ட கலாஸ், காக்கா,” என்பான் அவன், ‘முடிந்தது’ என்பதை அரபியில். விரல் சூடாகவே இருந்தது. நானும் நம்பினேன்.

அந்தக் கிடங்கில் காற்று இல்லை, ஈரம் இல்லை. நாங்கள் பனிக்குத் தயாரானோம். மழையை நினைக்கவே இல்லை. அந்த ஏப்ரலில் மழை கொட்டி, இங்கே காரெல்லாம் தண்ணீரில் மிதந்தபோதுகூட எங்களுக்கு உறைக்கவில்லை.

அங்கே ஆகஸ்டில் பனியே இல்லை. மழைதான், எதிர்க்காற்றோடு. சாலை களிமண்ணாகக் குழைந்தது. மரங்கள் குட்டையாகி, பிறகு இல்லாமலே போயின. இரண்டாம் நாள் கையுறைகள் தண்ணீரைக் குடித்து ஊறிவிட்டன. விரல்கள் முதலில் வலித்தன, பிறகு வலிக்கவே இல்லை. கிளட்சைப் பிடிக்க முடியாமல் சேற்றில் விழுந்தேன். அவன்தான் வண்டியைத் தூக்கி நிறுத்தினான். அதை மறுக்க மாட்டேன். எப்படியோ உருட்டிக்கொண்டு, பாதி வழியில் இருக்கும் ஒரே பெட்ரோல் பங்கை அடைந்தோம். ஆர்க்டிக் வட்டம் தொடங்கும் இடத்துப் பலகைக்கு அங்கிருந்து அரை மணி நேர ஓட்டம்.

பங்கை ஒட்டிய கடையில், மீன் சுத்தம் செய்பவர்கள் போடும் நீண்ட ரப்பர் கையுறை ஒரே ஒரு ஜோடி தொங்கியது. அவன் எடுத்துத் தன் கையில் மாட்டிப் பார்த்தான்.

“ஒரு ஜோடிதான் கிடக்கு, காக்கா. உங்களால கிளட்ச் புடிக்க முடியாது. ரெண்டு பேரும் இங்கன குந்தி என்ன செய்யப்போறோம்?”

“நாளைக்குக் கை சரியாயிடும். ஒரு நாள் பொறு.”

“நாளைக்கும் மழைன்னு சொல்றாங்க. யல்லா, நான் போயிட்டு வந்துர்றேன். நீங்க ரெஸ்ட் எடுங்க.”

அவன் சொன்னது நியாயமாகவே இருந்தது. என் ஹெல்மெட்டில் இருந்த கேமராவையும் கழற்றி எடுத்துக்கொண்டான். பங்கோடு சேர்ந்த விடுதியின் சன்னலோரம் சூப் குடித்தபடி, அவன் திரும்பும் வரை மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிவியில் எழுத்து வந்தது: ‘ஆர்க்டிக் கடலுக்குத் தனி ஒருவனாக.’ அடுத்து அவன் முதுகு, அவன் வண்டி, சேறு. எல்லாம் பின்னால் வந்த நான் எடுத்தவை.

“மச்சான், தனியாப் போனேங்கிற. பின்னாடி இருந்து யாருடா எடுத்தது, ஏதாச்சும் ஜின்னு, பேயா?” என்றார் அந்த ரூமில் தங்கியிருக்கும் எலெக்ட்ரீசியன்.

“டிரோன்டா.”

“மழையிலயா? உன் டிரோன் குடை புடிச்சுக்கிட்டு வந்துச்சோ!”

ரூமே சிரித்தது. அவனும் சிரித்தான், என்னைப் பார்க்காமல். ஊறுகாயை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னார்கள், தள்ளினேன்.

கை கழுவும் இடத்துக்கு என் பின்னாலேயே வந்தான். “கோவமா காக்கா? தனியான்னு போட்டாத்தான் ஆளு பாக்குறான்.”

செப்டம்பர் வெயிலில் குழாய்த் தண்ணீர் கொதித்தது. வலது கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன். இடது கையின் அந்த இரண்டு விரல்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

“நீ கடல்ல கை நனைச்சியா?” என்று கேட்டேன்.

“ரப்பர் கிளவுஸோடதான். கழட்டினா திரும்ப மாட்ட ஏலாதுல்ல.”

மறுநாள் காலை டூட்டிக்குப் போனதும், கிடங்கின் முன் அறைக் கொக்கியில் சோதனைக் காலத்திலிருந்து தொங்கிய அவனது பழைய ஜாக்கெட்டை எடுத்து மடித்தேன். அவன் கடைப்பக்கம் போகும் வேன் டிரைவரிடம் கொடுத்தேன்.

“ஏதாச்சும் சொல்லணுமா, பாய்?” என்று கேட்டார்.

“மாஃபி,” என்றேன். ஒன்றும் இல்லை.