ஐயாவுக்கு விழுந்த தாயம்

மாயவரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற போஸ்டர் கடையில் நாகநாதனுக்கு வேலை. வயது பதினேழு. ஐ.டி.ஐ.யில் ஒரு வருஷம் படித்தான். வாத்தியார் நாற்காலியில் பசை தடவியதோடு படிப்பு அவனை விட்டது, பசை மட்டும் விடவில்லை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவன் கைவண்ணம்தான். வட்டாரத்தில் யார் செத்தாலும் எமனுக்கு அடுத்தபடி தெரிவது தனக்குத்தான் என்று பீற்றிக்கொள்வான். ஒரே ஒரு தடவை எமனுக்கு முந்தியே தெரிந்துவிட்டது. அதைப் பற்றி மட்டும் அவன் வாயைத் திறப்பதில்லை.

மேட்டூர் திறக்காத வருஷம் அது. குறுவை போய்விட்டது, சம்பாவும் சந்தேகம். ஓடாத பம்பு செட்டுக்குப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு ஆட்டம் நடக்கும். மெட்ராஸில் இன்ஜினியரிங் படிக்கிற பஞ்சநதம் லீவுக்கு வந்தபோது கற்றுக்கொடுத்துவிட்டுப் போன ஆட்டம். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருத்தன் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் நடமாடுவார்கள். இக்கட்டு வந்தால் தாயக்கட்டை உருட்டிப் பார்ப்பது. உயிருக்கு ஆபத்தென்றால் தாயம் விழ வேண்டும், விழாவிட்டால் ஆள் காலி.

கதை சொல்கிறவன் நாகநாதன். வயலில் குழாய் பதிக்க ஒரு கம்பெனி கல் நடுகிறது, ஊர்க்காரர்கள் மூன்று பேர் மதகடியில் காவல் இருக்கிறார்கள். பேப்பரில் தினம் வருகிற சங்கதிதான். ஆட்டத்தில் மட்டும் சில சமயம் ஊர்க்காரர்கள் ஜெயித்தார்கள்.

ஒருத்தன் புலிக்குட்டி என்று பெயர் வைத்துக்கொண்டான், இன்னொருத்தன் இடிமுழக்கம். ஐ.டி.ஐ. சிநேகிதன் வைரக்கண்ணு வைத்த பெயர் ஐயாவு.

"ஏன்டா, ரேஷன் கார்டைப் பாத்தா பேரு வச்ச?" என்று நாகநாதன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். வைரக்கண்ணுவும் சிரித்தான். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் விடாப்பிடியாக இருந்தான்.

"நீ என்ன பண்றேன்னு கேக்காத. ஐயாவு என்ன பண்றார்னு கேளு."

எட்டு மாதம் அப்படியே கேட்டார்கள். ஐயாவு மதகைத் திறந்தார், கல்லைப் பிடுங்கினார், ஒருமுறை தாசில்தாரை வாய்க்காலில் தள்ளினார்.

அப்புறம்தான் நாகநாதனுக்கு அந்த யோசனை வந்தது. வேஸ்ட் தாளில் ஒரே ஒரு போஸ்டர். போட்டோவுக்குப் பதில் குத்துவிளக்கு. 'கண்ணீர் அஞ்சலி. ஐயாவு அவர்கள் அகால மரணம் அடைந்தார். வருந்தும் நண்பர்கள்.' சனிக்கிழமையே அடித்துச் சுருட்டி வைத்துவிட்டான். போஸ்டர் தயார், ஆள் சாக வேண்டியதுதான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஐயாவின் மேல் ஜே.சி.பி. ஏற வந்தது. நாகநாதன் துணிப்பைக்குப் பின்னால் மறைத்துக் கட்டையை உருட்டினான். தாயம். பளிச்சென்று தாயம். அவன் உதட்டைப் பிதுக்கி, "மூணு" என்றான்.

வைரக்கண்ணு ஐயாவைப் பற்றி எழுதி வைத்திருந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தான். பொண்டாட்டி செத்த மாதிரி போறானே என்று மற்ற இருவரும் கேலி செய்தார்கள். அன்று சாயங்காலமே நாகநாதன், வைரக்கண்ணுவின் ஊர் பஸ் ஸ்டாப்பில் போஸ்டரை ஒட்டிவிட்டு வந்தான்.

மறுநாள் பத்து மணிக்குக் கடைக்கு ஒரு அம்மா வந்தார். கையில் அந்தப் போஸ்டர், அடியில் வழக்கம்போல் கடையின் பெயர். மூலை கிழியாமல், தண்ணீர் தடவி உரித்தது.

"இது யாரு தம்பி குடுத்த ஆர்டரு? மஸ்கட்லேந்து போன் வந்துச்சா?"

தான் வைரக்கண்ணுவின் தாயார், பெயர் அம்சம் என்றார். குத்தகை நிலத்தில் கம்பெனி கல் நட்ட வருஷம் வீட்டுக்காரர் மஸ்கட் போனார், ஒன்றரை வருஷமாய்ப் போன் இல்லை என்றார். அவர் பெயர் என்ன என்று நாகநாதன் கேட்டான். அம்சம் வாயைத் திறக்கவில்லை. புருஷன் பெயரை எந்த நாளில் சொன்னார், இன்றைக்குச் சொல்ல. மஞ்சள் பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து நீட்டி, குடும்பத் தலைவர் என்ற இடத்தில் விரலை வைத்தார்.

ஐயாவு.

ஊரில் அவரை எல்லோரும் மஸ்கட்டார் என்பார்கள். வீட்டில் சொல்கிற வழக்கமில்லை. அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்ன இடம் உலகத்திலேயே அந்தப் பம்பு செட் ஒன்றுதான். நாகநாதனுக்குப் பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இது வேற ஐயாவும்மா, பூம்புகார் பக்கம் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அந்த அம்மா கெட்ட சேதிக்குக்கூட வழி பார்த்து நிற்கிறவர் மாதிரி நின்றார்.

எல்லாவற்றையும் சொன்னான். ஆட்டம் என்றால் என்ன என்று புரியவைக்கவே கால் மணி நேரம் ஆனது.

"அப்ப, செத்தது ஆட்டத்துலதான்."

"ஆட்டத்துலயும் சாகலம்மா. தாயம் விழுந்துச்சு. நாந்தான் மூணுன்னு சொன்னேன்."

அம்சம் பேப்பர் கட்டின்மேல் உட்கார்ந்தார். ஓர் அறை விழும் என்று நாகநாதன் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தான். விழுந்திருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"எம்மவன் அந்தப் பேரச் சொல்லியா வெளையாடுனான்?"

"ஆமாம்மா. எங்களையும் மரியாதையா சொல்லச் சொல்லுவான்."

"அவங்க அங்க என்ன பண்றாங்க?"

"மதகடியில காவலு."

"சாப்ட்டாங்களா?"

எட்டு மாதமாய் நாகநாதன் அந்த மனிதரை வெயிலில் நிறுத்தி, ஓடவிட்டு, ஜே.சி.பி.யை ஏற்றிக் கொன்றிருக்கிறான். ஒரு வேளைச் சோறு போட்டதில்லை.

அடுத்த ஞாயிறு வைரக்கண்ணு வந்தான். அம்மா சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். நாகநாதன் முகத்தைப் பார்க்காமல் வேலியோரம் தள்ளி உட்கார்ந்தான். தாயக்கட்டையை நாகநாதன் அவன் பக்கம் உருட்டிவிட்டான். இனிமேல் நீயே போடு என்றான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கதையைத் தொடங்கினான். ஜே.சி.பி. மேலே ஏறாமல் விலகிப் போனது, ஐயாவு எழுந்து கைகால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

"என்ன கொழம்பு?" என்று தரையைப் பார்த்துக் கேட்டான் வைரக்கண்ணு.

"நீ சொல்லு. அவருக்கு என்ன புடிக்கும்?"

வைரக்கண்ணுவின் கண் கலங்கியதைப் பார்க்காத மாதிரி நாகநாதன் பம்பு செட்டுச் சுவரைப் பார்த்தான்.

"அம்மாவக் கேட்டுட்டு வந்துடறேன்" என்று சைக்கிளை எடுத்தான் வைரக்கண்ணு.

ஐயாவின் இலையில் சோறு போட்டது போட்டபடி இருக்க, மற்ற மூவரும் காத்திருந்தார்கள்.