மாம்பலத்தில் ரயிலேறிய ஜன்னல்

மாம்பலம் ஸ்டேஷனில் இடிபட்டு மின்சார ரயிலில் ஏறிவிட்டேன். என் மூக்குக்கு முன்னால், இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்த எங்கள் வீட்டுப் பழைய தேக்கு ஜன்னல் கதவு; திறந்து மூடும் குறுக்குப் பலகைகள் வைத்தது. நண்பன் வீட்டுக் கொல்லையில் வைத்துப் பெயின்ட் சுரண்டி, உடைந்த பலகைகளை மாற்றி, நானே செப்பனிட்டது. "பலகை அசைஞ்சா மாட்டுங்க, இல்லேன்னா அடுப்புக்குத்தான்" என்பது மனைவியின் தீர்ப்பு. பயத்தில் நான் இன்னும் அசைத்தே பார்க்கவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் கீரைக்கூடையோடு ஓர் அம்மாள்.

"இன்னா நைனா, காத்தே வர்ல!" என்றவள், பலகைகளைச் சேர்க்கும் நடுக்குச்சியைப் பிடித்து இழுக்கிறாள். எல்லாப் பலகைகளும் படபடவென்று திறக்கின்றன.

"ஐயோ, தொறந்துடுச்சு!" என்று கத்துகிறேன்.

"ஜன்னல்னா தொறக்காதா இன்னா?" என்கிறாள். பெட்டியே சிரிக்கிறது.

சைதாப்பேட்டை வரை பலகைகளுக்கு நடுவே என் பல் தெரிந்துகொண்டே வருகிறது.