சுள்ளென்ற வெயிலில் என் பெட்டி காட்டிய மழை

போன வாரம் ஒரு காலை. மணி பத்து இருக்கும். வாசலில் சுள்ளென்று வெயில். கொடியில் போட்ட புடவை மொரமொரவென்று காய்ந்துகொண்டிருக்கிறது. கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிற என் பெட்டியோ, மழை பெய்கிறது என்று காட்டுகிறது.

திரையில் சின்னதாக ஒரு மேகப் படம். அதன் கீழே 0.2. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 0.4 ஆனது. வெளியே எட்டிப் பார்த்தேன். ஒரு காக்கா கூட நனையவில்லை.

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்கு முடியவில்லை. ஏனென்றால் அதே நேரத்தில், தெருக்கோடியைத் தாண்டி, தனலட்சுமியின் வயலில் நெல் அறுக்கிற மெஷின் ஒன்று முக்கால் சக்கரம் சேற்றில் புதைந்து நின்றுகொண்டிருந்தது. அதை அங்கே இறக்கிவிட்டது இந்தப் பெட்டி. சரியாகச் சொன்னால் — நான்.

இருங்கள், முதலில் இருந்து சொல்கிறேன். எனக்கு எதிலும் அவசரம் கிடையாது என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே.

பிரான்ஸில் வாழ்க்கைப்பட்ட என் மகள் வசந்தி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊருக்கு வந்தபோது குட்டியாக ஒரு வானிலை நிலையம் வாங்கி வந்தாள். மாடியில் ஒரு கம்பம். அதன் தலையில் காற்றுக்குச் சுற்றுகிற மூன்று கிண்ணம், மழை பிடிக்க ஒரு புனல், இன்னும் என்னென்னவோ. அங்கே அளப்பதெல்லாம் கூடத்துத் திரைக்கு வரும். செல்போனுக்கும் வரும்.

இவளுக்கு எதற்கு இதெல்லாம் என்று நினைக்கிறீர்கள்தானே? எங்கள் ஊரிலும் அப்படித்தான் நினைத்தார்கள். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். இந்தப் பத்தியையே ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி எழுதித்தான் அனுப்புகிறேன். விட்டுப்போன காலையும் கொம்பையும் பத்திரிகைக்காரர்கள் போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் எண் அப்படியில்லை. எழுத்து என்னிடம் தயங்கித் தயங்கி வரும். எண் ஓடி வரும். அந்தத் திரை முழுக்க எண்தான். ஒரே வாரத்தில் எனக்குப் பிடிபட்டுவிட்டது.

அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் என் குரல் போகும். நேற்று மழை இவ்வளவு, காற்று இவ்வளவு, இன்றைக்கு மருந்து அடிக்கலாம், நெல் காயப்போட வேண்டாம்... பாகூர் ஏரிப் பாசனத்தில் பயிர் வைக்கிறவர்கள் வரப்பில் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வதில்லை. பெட்டி என்ன சொல்கிறது என்றுதான் கேட்பார்கள். பெருமையா என்றால்... பெருமைதான். இல்லையென்று சொன்னால் பொய்.

இப்போது தனலட்சுமி. எனக்கு நாலு வீடு தள்ளி இருப்பவள். கணவர் போன பிறகு இரண்டு காணி நிலத்தில் தனியாகப் பயிர் வைக்கிறாள். இந்த முறை நடவு பிந்திவிட்டது. ஆவணி, புரட்டாசியிலேயே அறுத்திருக்க வேண்டிய சொர்ணவாரி நெல், ஐப்பசி பிறந்தும் வயலிலேயே நின்றது. நன்றாக முற்றிய கதிர். பெருமழை பிடிப்பதற்குள் அறுத்தாக வேண்டும். விட்டால் பயிர் சாய்ந்து, நெல் தண்ணீரிலேயே முளைத்துவிடும். அறுக்கிற மெஷினுக்கோ எல்லா ஊரிலும் வரிசை.

அந்த நேரம் பார்த்து உறவில் ஒரு கல்யாணம், திருக்கனூரில். நானும் அவளும் சேர்ந்துதான் போனோம். முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பந்தியில் உட்காரும்போது அவளுக்கு மெஷின் டிரைவரிடமிருந்து போன். நாளைக் காலை வந்துவிடுகிறேன், ஆனால் என்னுடையது டயர் மெஷின், ஈர வயலில் இறங்காது, உங்கள் பக்கம் மழை உண்டா என்று கேட்டிருக்கிறார்.

"இரு அக்கா, எங்க கொழுந்தனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கறேன்" என்றாள் தனலட்சுமி. அவள் கொழுந்தன் ஊரிலேயே இருக்கிறார். வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவார்.

எனக்கு அது பொறுக்கவில்லை.

"அவனப் போயி இன்னாத்துக்குக் கேக்கற தனம்? கைலயே இருக்குது பாரு" என்று செல்லைத் திறந்தேன். சுற்றிலும் உறவுக்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேர். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினேன். 0.0. "ஒரு சொட்டு இல்ல. வரச் சொல்லு."

அவளும் வரச் சொல்லிவிட்டாள்.

அன்று மாலை எங்கள் ஊரில் ஒரு மணி நேரம் அடித்துப் பெய்திருக்கிறது.

காலையில் விடியற்கால முகூர்த்தம் முடிந்து நாங்கள் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போதே மெஷின் வயலுக்குப் போய்விட்டது. ரோடு ஈரமாக இருக்கிறதே என்று டிரைவர் போனில் கேட்டார். அக்கா பெட்டியைப் பார்த்துச் சொன்னார், சும்மா தூறலாக இருக்கும் என்று என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தபடி தனலட்சுமி பதில் சொன்னாள். வரப்போரம் கெட்டியாகத்தான் இருந்ததாம். நடு வயலுக்குப் போனதும் இறங்கிவிட்டது. டிராக்டர் கட்டி இழுத்து வெளியே எடுக்க மதியமாகிவிட்டது. இழுத்த தடத்தில் எவ்வளவு நெல் மிதிபட்டது என்று நான் எண்ணவில்லை. எண்ணத் தைரியம் வரவில்லை.

டிரைவர் போகும்போது தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். "ஆயா வூட்டுப் பெட்டிய நம்பி வயல்ல எறங்குனேன் பாரு, என் புத்திய இன்னா சொல்றது." இனிமேல் கூப்பிட்டாலும் வரமாட்டாராம்.

தனலட்சுமி என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் வந்து, "காலைல இருந்து ஒண்ணும் சாப்படலயேக்கா நீ" என்றாள். அது போதாதா எனக்கு?

வசந்திக்குப் போன் போட்டேன். அங்கிருந்தே அவள் சொல்லச் சொல்ல, போனை அணைத்துப் போட்டேன். ஆப்பை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். வைஃபை பெட்டியைப் பிடுங்கிச் செருகினேன். கடைசியில் அவளே ஒன்றைக் கண்டுபிடித்தாள். பெட்டி இத்தனை நாளும் பிரான்ஸ் மணியில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நமக்கு மாலை ஆறு என்றால் அதற்குப் பகல் இரண்டரை. அவள் கணக்கில் பதிந்து கொடுத்ததால் வந்த வினை. அதனால்தான் மழை நேரம் மாறிக் காட்டுகிறது என்று இரண்டு பேரும் முடிவு கட்டினோம். மணியைத் திருத்தினாள். எனக்கு உயிர் வந்தது. பார்த்தீர்களா, தப்பு என்னுடையது இல்லை — சீமைக் கடிகாரத்துடையது!

மறுநாள் ஒரு சின்னத் தூறல். வாசலில் கையை நீட்டினேன். உள்ளங்கை நனைந்தது. உள்ளே வந்து பார்த்தேன். மணி சரியாக இருந்தது. மழை 0.0.

அப்புறம்தான் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். முதலிலேயே கூப்பிட்டிருக்க வேண்டும். வில்லியனூர் பக்கம் மாதா கோயில் இருக்கிற ஒரு கிராமத்துப் பெண். வயது ஐம்பதைத் தொடும். வீடு வீடாகக் கேமரா, டிஷ், இன்வெர்ட்டர் எல்லாம் போட்டுத் தருகிறாள். என் மாடியில் கம்பம் நட்டதும் அவள்தான். என் கைக்கு எட்டட்டும் என்று கைப்பிடிச் சுவரை ஒட்டித் தாழ்வாக நட்டாள்.

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்தவளிடம் செல்லை நீட்டினேன். அவள் வாங்கவே இல்லை.

"ஸ்கிரீன் இன்னாம்மா பண்ணும், சொன்னதத் திருப்பிச் சொல்லும். சொல்றவன் மேல இருக்கான். அவனப் போயி பாக்கறேன்."

ஒரு வாளித் தண்ணீரும் பழைய துணியும் கேட்டு வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். எனக்கு முட்டி ஒத்துழைக்காது. கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே சந்தில் தனலட்சுமியும் இன்னும் இரண்டு பெண்களும், என்ன ஆகிறது என்று பார்க்க வந்து நின்றார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஸ்டெல்லா இறங்கி வந்தாள். நேராக வாசலுக்குப் போய், கேட்காமலே அவர்களிடம் சொன்னாள். "தூசி அடைச்சிருந்துச்சி. காத்துல வர்றதுதான். அம்மா மேல ஒண்ணும் தப்பில்ல."

அவர்கள் கலைந்தார்கள். எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்போதுதான் அவள் உள்ளே வந்து, கதவைச் சாத்தி, கையில் இருந்த துணியைப் பிரித்துக் காட்டினாள்.

காய்ந்த சாமந்தி இதழ். சில்லுச் சில்லாகச் சந்தனம். அதன் மேல் ஒட்டிய குங்குமம்.

"ஆயுத பூஜைக்கு இதுக்கும் பொட்டு வெச்சீங்களாம்மா?"

வைக்காமல் இருப்பேனா? மோட்டாருக்கு வைத்தேன், அரிவாள்மணைக்கு வைத்தேன், மிக்சிக்கு வைத்தேன், எதிர்வீட்டு ஸ்கூட்டருக்குக் கூட வைத்தேன். ஊருக்கே சேதி சொல்கிறதை விட்டுவிடுவேனா? போன வருஷம் பூஜைக்கு முட்டி வலியில் மாடி ஏற முடியவில்லை, மனசில் அது ஒரு குறையாகவே இருந்தது. அதனால் இந்த வருஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிப் போய், நானே என் கையால் குழைத்த சந்தனத்தை வைத்தேன். மூன்று இடத்தில். நடுவில் வெள்ளையாக, வட்டமாக, குழிவாக ஒரு நல்ல இடம் இருந்தது. அங்கே பெரிதாக ஒன்று. அதன் மேல் ஒரு சாமந்தி.

அதுதான் மழை பிடிக்கிற புனல்.

புனலின் அடியில் ஒரு சின்னத் துளை. அதற்குக் கீழே சீசா பலகை மாதிரி இரண்டு பக்கமும் ஆடுகிற ஒரு குட்டிக் கரண்டி. ஒரு பக்கம் நிறைந்தால் சாயும். அந்தச் சாய்வை எண்ணித்தான் திரையில் எண் வரும். என் சந்தனம் காய்ந்து கல்லாகித் துளையை அடைத்துவிட்டது. பூஜைக்குப் பிறகு முதல்முதலாகக் கொட்டிய மழை அத்தனையும் புனலில் தேங்கி வழிந்திருக்கிறது. மறுநாள் வெயிலில், ஊறின சந்தனத்துக்குள் புகுந்து, மிச்சம் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது. பாவம் பெட்டி. வந்ததைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

என் முகம் போன போக்கைப் பார்த்து ஸ்டெல்லா சிரித்துவிட்டாள்.

"சாமிக்கு நெத்தியிலதான பொட்டு வெப்பீங்க? இதுக்கு வாயில வெச்சிட்டீங்க. நீங்க மட்டும் இல்லம்மா. எங்க கோயில்ல புதுக் கேமரா மாட்டுனேன். ஃபாதர் வந்து மந்திரிச்ச தண்ணி தெளிச்சாரு. மூணு நாளு கோயிலுக்குள்ள வெறும் பனிதான் தெரிஞ்சுது. அடுத்த தபா கம்பத்துக்கு வையுங்க, அதுக்கு வாய் கெடையாது."

ஒரு திரை தப்பாகக் காட்டினால் நாம் எல்லோரும் என்ன செய்கிறோம்? திரையைத் தட்டுகிறோம். ஆப்பைக் குறை சொல்கிறோம். மணியைத் திருத்துகிறோம். கம்பத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை. அங்கே நம் கைரேகை இருக்குமோ என்று பயமாகக் கூட இருக்கலாம்...

சரி, பெட்டி சரியாகிவிட்டது. தனலட்சுமியின் நெல்?

அது அப்படியேதான் நின்றது. கிழக்கே மேகம் கட்ட ஆரம்பித்துவிட்டது. டிரைவரிடம் அவள் இரண்டு முறை கேட்டுவிட்டாள், அவர் மசியவில்லை. மூன்றாவது போனை நான் போட்டேன். அவர் எடுத்ததும், "இன்னா ஆயா, பெட்டி இன்னா சொல்லுது இன்னிக்கு?" என்று குத்தலாகக் கேட்டார்.

நாற்பது வருஷமாக யாரிடமும் தலை குனியாதவள் நான். மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னேன். "பெட்டி மேல தப்பில்லபா. தப்பு என்னுது. அது வாயில சந்தனம் வெச்சி அடைச்சது நான்தான்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். நிற்கவே மாட்டேன் என்கிறார். தன் மெஷினுக்கு முன்விளக்கு முழுக்கச் சந்தனம் அப்பி, மறுநாள் அதைச் சுரண்டி எடுத்த கதையைச் சொன்னார். சேற்றில் ஓடுகிற பெல்ட் மெஷின் தன் கூட்டாளியிடம் இருக்கிறது, வியாழக்கிழமை இரண்டு பேருமாக வருகிறோம் என்றார்.

வந்தார்கள். மாலைக்குள் இரண்டு காணியும் ஆயிற்று. கடைசி மூட்டையை வீட்டில் சேர்த்த மறுநாள் காலையில் மழை பிடித்துக்கொண்டது. திரையில் எண் மளமளவென்று ஏறியதை நானும் தனலட்சுமியும் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தோம். அப்போது அவளிடம் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன். தூசி இல்லை தனம், அது...

"தெரியும்க்கா" என்றாள்.

எப்படித் தெரியும்? ஸ்டெல்லா சொன்னாளா?

"அது ஏன் சொல்லப் போவுது? அன்னிக்கு மேல கழுவி ஊத்துன தண்ணி, சந்துல குழா வழியா என் கால் மேலதான் வந்து விழுந்துச்சி. மஞ்சளா, பூவோட. வாசனையா வேற இருந்துச்சி."

கூட நின்ற இரண்டு பெண்களுக்கும் தெரியுமாம். அந்தத் தண்ணீரில் கால் நனைய நின்றுகொண்டுதான் மூன்று பேரும் 'தூசி' என்பதைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறார்கள். ஒரு வார்த்தை வெளியே போகவில்லை. ஆறு மணிச் செய்தியை யாரும் கேலி செய்யவும் இல்லை.

ஒருத்தி எனக்காகப் பொய் சொன்னாள். மூன்று பேர் எனக்காக அதை நம்பினார்கள். மிதிபட்ட நெல்லுக்குச் சொந்தக்காரி அதில் ஒருத்தி. இவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு எண்ணும் போதாது, எழுத்தும் போதாது. நாலு நாளாக உட்கார்ந்து இதை எழுதினேன், அவ்வளவுதான்.

காலை ஆறு மணிச் செய்தி வழக்கம்போலப் போகிறது. அதற்கு முன்னால், ஐந்தே முக்காலுக்கு, தனலட்சுமியின் கொழுந்தனுக்கு ஒரு போன் போட்டு மழையா என்று கேட்டுக்கொள்கிறேன்.