சத்தத்தைக் குறைக்கச் சொல்லித் தூது போனேன்

எங்கள் மலையில் வாழவந்திக்குப் போகும் வழியில், காபித் தோட்டங்களுக்கு நடுவே ஓர் ஓடை உண்டு. மழைக்காலத்தில் இறங்கினால் இடுப்பு நனையும். கோடையில் கல்லுக்குக் கல் கால் வைத்து, செருப்பு நனையாமல் தாண்டிவிடலாம். அதன் கரையில் கூடாரங்கள் போட்டு முகாம் நடத்திய சேலத்துக்காரர், வாசல் பலகையில் அதை ஆறு என்று எழுதிவைத்தார். ‘ஆற்றங்கரை. அமைதி. ஆதிகுடி மரபு.’ மூன்றையும் அனுபவிக்க பெங்களூரிலிருந்து கம்பெனிக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். அவர்களை வரவேற்று, கூடாரம் காட்டிவிடுவது என் வேலை.

எதிர்க்கரையில் தெரியும் ஊர் என்னுடையது என்பதும், நாங்கள் தலைமுறை தலைமுறையாக மலைக்காரர்கள் என்பதும் நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் முதலாளிக்குத் தெரியவந்தது. பூரித்துப்போனார்.

“அப்ப நம்ம டிரைபல் டான்ஸுக்கு நீதாம்மா லீடு.”

ஒத்திகை பார்த்தார். என் மூக்குக்கண்ணாடியையும் சுடிதாரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஒரிஜினல் மாதிரி தெரியலயேம்மா” என்று மனம் நொந்தார். கடைசியில் அந்தப் பொறுப்பு, அடிவாரத்திலிருந்து பஸ் ஏறி வேலைக்கு வரும் ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்குப் போனது. இடுப்பில் பிளாஸ்டிக் இலைப் பாவாடை, முகத்தில் சுண்ணாம்புப் புள்ளி. “ஹோ ஹோ” என்று கத்திக்கொண்டு ஆடுவார்கள். தோட்டத்தில் குரங்கு விரட்டக்கூட எங்கள் ஊரில் யாரும் அப்படிக் கத்தியதில்லை.

ஒரு கோடையில், பெரிய கம்பெனி ஒன்றின் ஆட்கள் வந்த அதே நாளில் எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழா வந்தது. விருந்தினர்கள் ஓடைக்கரையில் கண்ணை மூடி உட்கார்ந்தார்கள். அவர்களை அழைத்துவந்த அம்மாள், “நதி என்ன சொல்லுதுன்னு கேளுங்க” என்றார். எதிர்க்கரை மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி, கோயில் முன்னால் நிற்கும் டெம்போவை உடனே எடுக்கும்படி சொன்னது. பிறகு ஒரு சினிமாப் பாட்டு.

அந்த அம்மாள் நேரே முதலாளியிடம் வந்தார். “நாங்க பழங்குடி கல்ச்சர் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கோம். அதைக் கெடுக்கிற மாதிரி சத்தம் போடறது யாரு?”

முதலாளி என்னைப் பார்த்தார்.

“அது நாங்கதாங்க” என்றேன்.

உடனே என்னைத் தூது அனுப்பினார்கள். ஓடையைத் தாண்டிப் போனேன். விழாக் கமிட்டித் தலைவர் என் பெரியப்பா. தேய்த்த வெள்ளைச் சட்டையில் மைக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

“வா கண்ணு. மாவிளக்கு எடுக்கற நேரத்துக்குச் செரியா வந்துட்டியே.”

“பெரியப்பா, முகாமுல கொஞ்சம் வருத்தப்படறாங்க. பாட்டுச் சத்தம்…”

“அவங்கெல்லாம் எதுக்கு வந்திருக்கறாங்க?”

“நம்ம பழக்கவழக்கமெல்லாம் பாக்கோணும்னு.”

பெரியப்பா முகம் வாடிவிட்டது. “அடடா. நொம்ப தூரத்துலருந்து வந்தவங்க. செரியாக் கேக்கலியாட்ட இருக்குது” என்று சொல்லி, ஊரைப் பார்த்துக் கட்டியிருந்த இன்னொரு ஒலிபெருக்கியையும் முகாம் பக்கம் திருப்பச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் திருப்பியும்விட்டார்கள்.

சாயங்காலம் முகாமில் நடன நேரம். அதற்கென்று செல்போனில் வைத்திருந்த மத்தளச் சத்தம் யார் காதிலும் விழவில்லை. இலைப் பாவாடைக்காரர்கள் கொஞ்ச நேரம் தயங்கி நின்றார்கள். எதிர்க்கரையிலிருந்து எல்லாருக்கும் தெரிந்த ஒரு குத்துப்பாட்டு வந்ததும் அதற்கே ஆடத் தொடங்கினார்கள். அவர்கள் அவ்வளவு நன்றாக ஆடி நான் பார்த்ததே இல்லை. விருந்தினர்களும் சேர்ந்து ஆடினார்கள். ஆடிக்கொண்டே எல்லாரும் ஓடையைத் தாண்டிவிட்டார்கள். “ஸ்கெட்யூல்ல இல்லயே!” என்றபடி முதலாளியும் பின்னால் ஓடினார்.

அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் உடம்பில் வேப்பிலை கட்டிக்கொண்டு கோயிலுக்கு வருவது எங்கள் வழக்கம். மங்கலான வெளிச்சத்தில் பிளாஸ்டிக் இலை யாருக்குத் தெரியும்? பெண்கள் குடத்தோடு ஓடிவந்து இலைப் பாவாடைக்காரர்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விழுந்து கும்பிட்டார்கள். “அடிவாரத்துலருந்து வேண்டுதலோட பக்தர்கள் வந்திருக்கறாங்க, வழி உடுங்க” என்று பெரியப்பா மைக்கில் அறிவித்தார். மேளம் நெருங்கி அடித்தது. அவர்களில் ஒருவருக்குச் சாமி வந்துவிட்டது. கண் செருக, தலையை உலுக்கிக்கொண்டு முதலாளி முன்னால் போய் நின்றார்.

“என்ன வேணும் தாயி, சொல்லு” என்றாள் ஒரு கிழவி.

“லீவு வேணும்!” என்றது சாமி. “தங்கச்சி கல்யாணத்துக்குக் கேட்டா இல்லீங்கறான்!”

முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டு, “ஒரு வாரம் எடுத்துக்கட்டுங்க தாயி” என்றார். சாமி உடனே மலையேறியது. அது உண்மையான அருள்தானா என்று அந்த மனிதரிடம் நான் இதுவரை கேட்டதில்லை. கேட்கத் தோன்றவுமில்லை.

விருந்தினர்கள் அவ்வளவு சந்தோஷமாகத் திரும்பி அதற்குமுன் நான் கண்டதில்லை. மறுநாளே முதலாளி பெரியப்பாவைத் தேடிப் போனார். “ஏனுங்க, இந்தத் திருவிழாவ சனிக்கிழமை சனிக்கிழமை வெச்சுக்க முடியுங்களா?”

“அம்மங்கிட்டப் பூ போட்டுத்தான் கேக்கோணுங்க” என்றார் பெரியப்பா.

பூசாரி இரண்டு பொட்டலங்களில் வெள்ளைப்பூவும் செவ்வரளியும் மடித்துப் போட்டார். வெள்ளை வந்தால் சம்மதம். பிரித்த பொட்டலத்தில் செவ்வரளி இருந்தது. முதலாளி அதைப் பார்த்துவிட்டு, “மாசம் ஒருக்கான்னு கேட்டுப் பாருங்களேன்” என்றார்.