கேட்காமல் போங்கள்

கண்டக்டரம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள்; அவள் குரல் ஓய்வு பெறவில்லை. தோட்டத்தில் நின்று பேசினால் பின்சந்து வரைக்கும் கேட்கும்.

சந்துக்காரர்கள் பஸ் நிறுத்தத்துக்குப் போக இரண்டு வழி. ஒன்று, கிடங்கின் மதிலைச் சுற்றிக்கொண்டு. மழை பெய்தால் அங்கே முழங்கால் தண்ணீர். மற்றது கண்டக்டரம்மாவின் தோட்டம். பின்கதவைத் தள்ளி, கொய்யா மரத்தடியில் நடந்து, முன்கேட்டைத் திறந்தால் சாலை.

கேட்டுக்கொண்டுதான் போவார்கள். சந்தின் மரியாதை அது.

"அக்கா, போகலாமா?" என்பாள் நர்ஸ்.

"ஏறு ஏறு, படியில நிக்காத."

பேக்கரிக்காரர் தட்டைத் தலையில் வைத்தபடியே, "டிக்கெட் எடுக்கணுமா, கண்டக்டரம்மா?" என்பார்.

"சில்லறையா குடுங்க."

புருஷன் போனபிறகு அவள் வீட்டுக்கு வந்த பேச்சு இவ்வளவுதான். அதற்காகவே காலையில் வெண்டைப் பாத்தியை விட்டு நகரமாட்டாள்.

வேலையில் இருந்தபோதும் அப்படித்தான். யாராவது ஓடிவருவது தெரிந்தால் விசில் ஊதமாட்டாள். டிரைவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். மேலதிகாரியிடம் திட்டு வாங்குவாள். மறுநாளும் ஊதமாட்டாள்.

ஒருநாள் மகன் ஒரு வக்கீலை அழைத்து வந்தான். பின்பக்கம் சுவர் எழுப்பி, தோட்டத்தில் வீடுகள் கட்டி வாடகைக்கு விட வேண்டும் என்பது அவன் எண்ணம். வக்கீல் கொய்யா மரத்தடியில் தேய்ந்து கிடந்த தடத்தைப் பார்த்தார்.

"போறவங்க உங்ககிட்ட கேட்டுக்கிட்டுத்தான் போறாங்களாம்மா?"

கண்டக்டரம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "கேக்காம ஒரு ஈ காக்கா போகாது."

"அப்போ கவலையே இல்ல. கேட்டுப் போனா அது நீங்க காட்டுற தயவு. எப்ப வேணா நிறுத்திடலாம். யாரையும் கேக்காம, ஒளிவுமறைவில்லாம, வருஷக்கணக்கா நடந்திருந்தாத்தான் அவங்களுக்கு உரிமை வந்துடும்."

"அம்மா இருக்கிற வரைக்கும் போகட்டும் சார்," என்றான் மகன். அன்பாகத்தான் சொன்னான். "அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த 'அப்புறம்' அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. வழியை எழுதிக் கொடுக்க அவள் கையெழுத்து மட்டும் போதாது. சொத்தில் மகனுக்கும் பங்கு உண்டு; அவன் போடமாட்டான்.

மறுநாள் காலையில் நர்ஸ் வந்தாள். "அக்கா, போகலாமா?"

"கேக்காத."

"என்னக்கா?"

"இனிமே யாரும் என்கிட்ட கேக்கக் கூடாது. எல்லாருகிட்டயும் சொல்லி வை."

கூட்ட நெரிசலில் பழகிய குரல். அதில் கனிவை யாரும் தேடமாட்டார்கள். வக்கீல் வந்துபோனதைச் சந்தே பார்த்திருந்தது. வழி அடைபட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதற்குப்பின் பின்கதவு திறக்கவே இல்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது. கேட்டில் நின்று பார்த்தால், மதிலோரமாக நர்ஸ் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் போகிறாள்.

கண்டக்டரம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தாள்.

"ஏண்டி சுத்திக்கிட்டுப் போற? நடந்தாத்தானடி அது வழி!"

"நீங்கதானே அக்கா கோவமா..."

"கோவமா? என் தொண்டையே அப்படித்தான், தெரியாதா உனக்கு?"

வக்கீல் சொன்னதை நடுச்சந்தில் நின்று சொன்னாள். மகனைக் குறைத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பேக்கரிக்காரர் தாடையைச் சொறிந்தார். "வருஷக்கணக்கா ஆகுமே, கண்டக்டரம்மா. அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் நான் எறங்கமாட்டேன். கடைசி ஸ்டாப்புக்கு முன்னாடி எறங்குற கண்டக்டரை எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"அப்போ டிக்கெட்?"

"மூச்சு விடக் கூடாது. சொந்த எடத்துல நடக்கிற மாதிரி நடங்க."

மறுநாள் பின்கதவு கிறீச்சிட்டது. கண்டக்டரம்மா பாத்தியில் குனிந்திருந்தாள்; திரும்பவில்லை. காலடி கொய்யா மரத்தடியில் தயங்கி நின்றது. நர்ஸுக்குப் பழக்கத்தில் அந்தக் கேள்வி வாய்வரை வந்திருக்கும்.

இடுப்புச் சாவிக்கொத்தில் பழைய விசில் தொங்கியது. கை அதைத் தொட்டது. இரண்டு தரம் ஊதினால் நகர்ந்துவிடுவாள். ஆனால் ஊதினால் அதுவும் உத்தரவு கொடுத்ததாகிவிடுமே. கையை எடுத்துக்கொண்டாள்.

காலடி நகர்ந்தது. முன்கேட் திறந்து மூடியது.

கண்டக்டரம்மா மழையில் ஊறிக் கிடந்த வெண்டைக்குத் தண்ணீர் ஊற்றினாள்.