பூமயில் நட்ட கல்

வண்டி நிற்கும் சத்தம் கேட்டால் பூமயிலுக்கு வயிறு கலங்கும். ஓடும் வண்டிகளைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. உத்தரகோசமங்கையிலிருந்து கடற்கரைக்குப் போகும் சாலையில் நாள் முழுக்க அவை ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றில் ஒன்று வேகம் குறைந்து, சரளையில் டயர் நறநறத்து, கதவு திறக்கிற சத்தம் கேட்டால் போதும். மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே குனிந்து பழம் பறித்துக்கொண்டிருப்பவள் அப்படியே குத்துக்காலிட்டு ஒடுங்கிவிடுவாள். தன் சொந்தப் புஞ்சையில், திருட வந்தவளைப் போல.

அந்தப் புஞ்சை அவளுடைய அய்யா அவள் பேருக்கு எழுதிக் கொடுத்தது. ஆண் வாரிசு இல்லாத வீட்டு நிலம் எங்களுக்குத்தான் என்று பங்காளிகள் வந்து நின்றார்கள், அவர் மசியவில்லை. வானம் பார்த்த பூமி. புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி மழையை நம்பியிருந்து, தை பிறந்ததும் பழம் எடுக்க ஆரம்பித்தால் சித்திரை வரை வேலை இருக்கும். உருண்டை உருண்டையான முண்டு மிளகாய். அவள் கணவன் கூத்தையா வாலிநோக்கம் உப்பளத்துக்கு விடியலில் போய்ப் பொழுது சாயத்தான் வருவான். மகள் மாரிச்செல்வி மதுரையில் நர்சிங் படிக்கிறாள். உப்பளக் கூலி வீட்டு அடுப்புக்குச் சரியாக இருக்கும். மகளைப் படிக்க வைப்பது மிளகாய்தான்.

அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அடுத்தவர் புஞ்சைக்குள் போவதற்கு ஒரு முறை உண்டு. படலுக்கு வெளியே நின்று குரல் கொடுக்க வேண்டும். பதில் வராவிட்டால் திரும்பிவிட வேண்டும். உள்ளே வரச் சொன்னால் செருப்பைப் படலோரம் கழற்றிவிட்டு வரப்பில் நடக்க வேண்டும். போகும்போது படலைச் சாத்திவிட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் ஆடு நுழைந்துவிடும். பக்கத்துத் தென்னந்தோப்புக்காரி சாலிஹா, பிள்ளையைத் துபாய்க்கு அனுப்பிவிட்டுத் தனியாகத் தோப்பைப் பார்க்கிறவள், பூமயிலோடு ஒரே தூக்குச்சட்டியில் சோறு தின்கிற பழக்கம் உள்ளவள். அவளும் இன்றுவரை படலுக்கு வெளியே நின்று, "பூமயிலு, வரட்டா?" என்று கேட்காமல் உள்ளே காலெடுத்து வைத்ததில்லை.

சாலையில் வருகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நினைப்பும் கிடையாது. ஒருவர் வீட்டுக் கூடத்துக்குள் செருப்போடு நுழைந்து அடுப்பு மூட்டினால் போலீஸ் வரும். புஞ்சைக்குள் நுழைந்து மூட்டினால் அதற்குச் சுற்றுலா என்று பெயர். ராமேஸ்வரம் போகிற வேன்கள் பூமயிலின் பனைமர நிழலில் நிற்கும். சாலையோர முள்வேலியில் ஒரு இடைவெளியை அவர்களே மிதித்து உண்டாக்கிவிட்டார்கள். உள்ளே வந்து சோறு பொங்குவார்கள், ஒதுங்குவார்கள், செடியை ஒடித்துப் படம் எடுப்பார்கள்.

மார்கழியில் ஒரு கார் வந்தது. இளவட்டங்கள் பனையடியில் உட்கார்ந்து பாட்டிலைத் திறந்தார்கள். பூமயில் பக்கத்தில் போய்ச் சொன்னாள்.

"தம்பி, இது வெள்ளாமை நடக்குற எடம். பாட்டில ஒடைச்சுப் போட்டா எங்க காலு போயிரும்."

"அக்கா செமையா பேசுதுடா," என்று ஒருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்தான். "இன்னொருக்க சொல்லுங்கக்கா. சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க, ரீல்ஸ் போடுவோம்."

அவள் திரும்பி நடக்கப் பார்த்தாள். இன்னொருவன் எழுந்து சும்மா சோம்பல் முறிப்பவனைப் போலப் படலுக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றான். ஒன்றும் செய்யவில்லை. சிரித்தான், வழிவிட்டான். ஆனால் அவன் நின்ற அந்தச் சிறு பொழுதில் சுற்றிலும் கூப்பிடு தூரத்தில் யாரும் இல்லை என்பதை அவள் உடம்பு தெரிந்துகொண்டது. வண்டிச் சத்தத்துக்கு வயிறு கலங்குவது அன்றைக்கு ஆரம்பித்தது.

அதற்குப் பிறகுதான் அவள் அந்தத் தவற்றைச் செய்தாள். சுவரோரம் ஒதுங்காமல் இருக்க டவுனில் சாமி படம் பதித்த டைல்ஸ் ஒட்டியிருப்பதை அவள் பார்த்திருக்கிறாள். மனிதனுக்கு மரியாதை தராதவன் ஓட்டுச் சில்லில் இருக்கும் படத்துக்குத் தருகிறான். இந்த நாட்டில் அது வேலை செய்கிறது என்பதுதான் கேவலம். மிக்ஸி வந்தபிறகு அவள் மாமியாரின் அம்மிக்கல் புஞ்சைக் கொட்டகை வாசலில் படிக்கல்லாகக் கிடந்தது. குழவி பக்கத்தில் உருண்டு கிடந்தது. அந்தக் குழவியை எடுத்துப் போய் வேலி இடைவெளியில் செங்குத்தாகப் பாதி புதைத்தாள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றி, மேலே வேப்பங்கொத்து செருகினாள்.

உடனே பலித்தது. கார்கள் மெதுவாக வந்து, கல்லைப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தன. கொஞ்ச நாள் பூமயில் நிமிர்ந்து நின்று பழம் பறித்தாள்.

பிறகு ஒருநாள் காலை கல்லுக்கு முன்னால் யாரோ கற்பூரம் கொளுத்திய கரி கிடந்தது. அடுத்து எலுமிச்சம்பழம். அடுத்து ஒரு சூலம். அதை நட்டவன் பால்சாமி என்கிற வேன் டிரைவர். பிரேக் பிடிக்காமல் வந்த வண்டி இந்த அம்மன் முன்னால் தானாக நின்றது என்று தன் பயணிகளிடம் சொல்லத் தொடங்கினான். மறுநாள் அந்தப் பிரேக்கைச் சரிசெய்த மெக்கானிக்கைப் பற்றி அவன் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. மாசிக்குள் வெள்ளிதோறும் வேன்கள் வந்தன. பொங்கல் வைக்க இடம் பற்றாமல் செடிகளைப் பிடுங்கிப் போட்டார்கள்.

"யாரக் கேட்டு உள்ள வந்தீக?" என்று பூமயில் கத்தினாள்.

பட்டுச் சேலை கட்டிய ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். "சாமி எடத்துல வந்து சத்தம் போடுறியே, நீ யாரும்மா?"

தன் மண்ணில் நின்றுகொண்டு அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று பூமயிலுக்குத் தெரியவில்லை.

அவள் பால்சாமியிடம் உண்மையைச் சொன்னாள். "அண்ணே, அது சாமி இல்ல. எங்க வீட்டு அம்மிக் குழவி. நாந்தான் ஊண்டி வச்சேன்."

அவன் கூட்டத்தின் பக்கம் திரும்பி இரு கையையும் உயர்த்தினான். "கேட்டீகளா! ஆத்தா இந்தப் பொம்பள கையாலயே தன்னைய ஊண்டிக்கிட்டா!"

குலவை கிளம்பியது. உண்மைகூட அவர்களுக்கு அற்புதமாகிவிட்டது.

அவள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். "சாமி விஷயம்மா. நாங்க கை வச்சா வேற மாதிரி ஆயிரும். பேசித் தீத்துக்கங்க," என்று அனுப்பிவிட்டார்கள். அதே சாலையில் கொஞ்ச தூரத்தில் வெளியூர் முதலாளி ஒருவரின் பண்ணை இருக்கிறது. மின்சார வேலி, காவலாளி, நாய் எல்லாம் உண்டு. அதற்குள் இன்றுவரை எந்த அம்மனும் எழுந்தருளவில்லை. வேலி போட வக்கில்லாதவர்களின் நிலத்தில்தான் தெய்வங்கள் இடம் பார்க்கின்றன.

"லாத்தா, நீங்களாச்சும் கூட வந்து சொல்லுங்க," என்று சாலிஹாவிடம் அழுதாள்.

சாலிஹா சுற்றும் முற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "அல்லாவே, என்னைய இழுக்காதடி. நான் அந்தக் கல்லுப் பக்கம் நின்னேன்னு ஒருத்தன் போட்டா எடுத்துப் போட்டான்னு வையி, பேச்சே மாறிப்போயிரும். ஒம் புஞ்சையும் போகும், எந் தோப்பும் எரியும். அந்தக் கல்லத் தொட ஒன்னைய விட்டா ஆளு கெடையாது."

"எனக்குப் பயமாருக்கு லாத்தா."

"எனக்கு மட்டும் என்ன? மொழுகி ஈரம் காயாத தரையில ஒக்காந்த மாதிரி அசையாம இருக்கேன்."

கூத்தையாவின் பயம் வேறு விதம். அவன் உப்பளத்திலிருந்து வந்ததும் கல் இருக்கும் திசையைப் பார்க்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவான்.

"ஒங்க ஆத்தா அரைச்ச குழவின்னு ஒங்களுக்குத் தெரியாதா?" என்று பூமயில் கேட்டாள்.

"தெரியும் புள்ள. எங்காத்தா அதுல மசாலா அரைச்சத நான் பாத்திருக்கேன். ஆனா இத்தன பேரு கும்புட்ட பெறகு அது குழவியா இருக்குமா? உள்ள எறங்கிருச்சுன்னா?"

"எறங்கிருச்சுன்னா நம்ம புஞ்சைய ஏன் புடுங்குது?"

அன்றைக்கு அவளுக்கு லேசாகக் காய்ச்சல் அடித்தபோது, வெயிலில் நின்றதால் வந்ததா, அப்படிப் பேசியதால் வந்ததா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. பயத்தை ஊட்டி வளர்ப்பவர்கள் அதை நம் உடம்புக்குள்ளேயே காவல் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

பங்குனியில் சிமெண்ட் மூட்டைகளும் ஜல்லியும் வந்து இறங்கின, அவள் பழம் காயப்போட்டிருந்த களத்தின் மேல். வரும் வெள்ளிக்கிழமை பீடம் கட்டுவதாகப் பால்சாமி அறிவித்துவிட்டான். கான்கிரீட் இறுகிவிட்டால் அந்த நிலம் அப்புறம் அவளுடையது இல்லை என்பது அவளுக்குத் தெரியும். பீடத்துக்குக் கூரை வரும். கூரைக்கு உண்டியல் வரும். உண்டியலுக்குக் கமிட்டி வரும். மாரிச்செல்வி படிப்பை விட்டுவிட்டு ஊர் திரும்புவாள்.

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு வேன் ஆட்கள் கல்லைச் சுற்றி நின்றார்கள். கொத்தனார் கலவை குழைத்துக்கொண்டிருந்தார். பூமயில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள்.

"தள்ளுங்க. எங்க வீட்டுக் கல்லு," என்று மட்டும் சொன்னாள்.

குனிந்து, சிவப்புத் துணியோடு குழவியைப் பிடித்து ஆட்டிப் பிடுங்கினாள். யாரோ அலறினார்கள். "ஏய், ஏய், பிடிங்கய்யா அவள!" என்று பால்சாமி கத்தினான். ஆனால் சாமியை ஏந்தியிருக்கிறவளைத் தொட ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. அவர்களுடைய பயம் அவளுக்கு வழிவிட்டது.

குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு கொட்டகை வாசலுக்கு நடந்தாள். குடத்துத் தண்ணீரை ஊற்றி மஞ்சளைத் தேய்த்துக் கழுவினாள். படிக்கல்லாகக் கிடந்த அம்மியையும் கழுவினாள். களத்தில் மிஞ்சிக் கிடந்த வற்றலில் ஒரு கை அள்ளிப் போட்டு, உப்பைத் தூவி, தண்ணீர் தெளித்து, மண்டியிட்டு அரைக்க ஆரம்பித்தாள்.

அம்மியின் குழிவில் குழவி பொருந்தி உட்கார்ந்தது. தேய்ந்த இடத்தில் தேய்ந்த இடம். கர்ரக் கர்ரக் என்ற சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. மிளகாய் நெடி கிளம்பியது. முன்னால் நின்றவர்கள் தும்மினார்கள்.

கூட்டத்தில் இருந்த ஒரு வயதான பெண் எட்டிப் பார்த்தாள். "இது அம்மிக் குழவில்ல?" என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். "நடு வயிறு பெருத்து, ரெண்டு முனையும் தேஞ்சு, எங்க வீட்டுலயும் இப்பிடித்தான கெடக்கு."

"அதத்தானே அவ அன்னைக்கே சொன்னா."

"நம்ம எங்க கேட்டோம்? இதுக்கா பால ஊத்துனோம்? சீ, வாடி போவோம்."

ஆண்கள் இன்னும் வாதம் செய்துகொண்டிருந்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராக வேனில் ஏறினார்கள். ஆள் குறைந்ததும் பால்சாமி அவள் முன்னால் வந்து விரலை நீட்டினான். "ஆத்தா மேல மொளகா அரைச்சுட்டேல்ல? இன்னைக்குப் பொழுது எறங்குறதுக்குள்ள ஒங் கண்ணு ரெண்டும் அவியும். பாத்துக்கிட்டே இரு."

வேன்கள் போன பிறகும் அவள் அரைப்பதை நிறுத்தவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. புறங்கையால் துடைத்தாள். அடுத்த நொடி இரண்டு கண்ணிலும் நெருப்பு பற்றியது. திறக்கப் பார்த்தாள், முடியவில்லை. எல்லாம் சிவப்பு, பிறகு இருட்டு. போச்சு. அவன் சொன்னது நடந்துவிட்டது. மகள் முகம் நினைவுக்கு வந்தது. தரையில் விழுந்து கத்தினாள்.

"பூமயிலு, வரட்டா?" படலுக்கு வெளியே சாலிஹாவின் குரல் பதறியது.

"வாங்க லாத்தா! கண்ணு போச்சு! ஆத்தா எடுத்துக்கிட்டா!"

சாலிஹா ஓடிவந்து அவள் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். கையை முகர்ந்து பார்த்தாள். "கூறுகெட்டவளே! மொளகா அரைச்ச கையால தொடச்சா எரியாம குளிருமா? வாயப் பொத்து, தோப்புல பாலு இருக்கு, எடுத்தாரேன்."

பால் விட்டுக் கழுவி, தண்ணீர் விட்டுக் கழுவி, வெகுநேரம் கழித்து பூமயில் கண்ணைத் திறந்தாள். முதலில் தெரிந்தது சாலிஹாவின் முக்காடு. அதன் பின்னால் பனைமரம். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்துச் சரிபார்த்தாள். அன்று பொழுது இறங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். கூத்தையா வந்து அம்மியையும் குழவியையும் பார்த்தான். பிறகு முள் வெட்டி வந்து வேலி இடைவெளியை அடைத்தான். அன்றைக்கு அவன் குழம்பு ஊற்றிச் சோறு தின்றான். அந்த மிளகாயில் வைத்த குழம்புதான்.

சில நாள் கழித்து மத்தியானம், அவள் செடிகளுக்கு நடுவே இருந்தபோது சாலையில் ஒரு வண்டி நின்றது. சரளை நறநறத்தது. அவள் குத்துக்காலிட்டு ஒடுங்கினாள். கதவு திறந்தது. காலடிச் சத்தம் படல்வரை வந்து நின்றது.

"உள்ள ஆளிருக்காகளா?" என்று ஒரு குரல் கேட்டது. "நாங்க சிமெண்ட் கடை ஆளுக. பீடம் கட்டலையாம், மூட்டையத் திருப்பி எடுத்துட்டு வரச் சொன்னாக. உள்ள வரலாமா?"

அவள் மெல்ல எழுந்து, செடிகளுக்கு மேலே தலை தெரியும்படி நின்றாள்.

"செருப்பக் கழட்டிட்டு வாங்க," என்றாள். "வரப்புல வாங்க."